கலைஞர்களே, கணக்கும் உங்கள் கையில் இருக்கட்டும்: மதுரை வட்டாரத்துக்கான முழுமையான தொழில் வழிகாட்டி

நையாண்டி மேளத்தில் தவில் வாசிப்பவர், ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட், ஸ்திரீபார்ட் கட்டுபவர்கள், கரகம் ஆடும் பெண்கள், பறை அடிப்பவர்கள், விளாச்சேரியில் கொலு பொம்மை செய்பவர்கள், பள்ளிச் சுவரில் படம் வரையும் இளைஞர்கள், கல்யாணத்துக்குப் போட்டோ எடுப்பவர்கள் என்று மதுரையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் மாதச் சம்பளம் இல்லாமல் கலையை நம்பி வீடு நடத்துகிறவர்கள் ஏராளம். அவர்களில் சிலருக்குக் கணக்கு வழக்கில் உதவி செய்து வருகிறேன். நல்ல திறமை இருந்தும் வருஷக் கடைசியில் கடனில் நிற்பவர்களைப் பார்க்கும்போது வேதனையாக இருக்கிறது. காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். தன் ஒரு நாள் வேலைக்கு உண்மையில் என்ன ஆகிறது என்பது அவர்களுக்கே தெரியவில்லை. அது தெரியாதவரை விலையைப் புரோக்கர் சொல்வார், மொத்த வியாபாரி சொல்வார், விழாக் கமிட்டி சொல்லும். கலைஞர் மட்டும் சொல்ல மாட்டார்.

"கலைஞனுக்கு எதுக்குக் கணக்கு? கலை சோறு போடும்" என்பார்கள். 1916இல் மதுரையில் பிறந்த எம்.எஸ்.சுப்புலட்சுமிக்குக் கச்சேரி ஏற்பாடு, பணம், பயணம் எல்லாவற்றையும் கணவர் சதாசிவம் பார்த்துக்கொண்டார். அவர் பத்திரிகை விளம்பரத் துறையில் வேலை பார்த்து, தொழில் நெளிவு சுளிவு தெரிந்தவர். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய பாலர் நாடக சபையும் டிக்கெட் விற்று, பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டு, ஊர் ஊராகக் கூட்டிப்போய் நடத்த வேண்டிய கம்பெனிதான். பெரிய கலைக்குப் பக்கத்தில் கணக்குப் பார்க்கும் ஆள் எப்போதும் இருந்திருக்கிறார். தனியாக நிற்கும் கலைஞருக்கு அந்த ஆளும் அவரேதான். எனவே அந்த வேலையை எப்படிச் செய்வது என்று வரிசையாகப் பார்ப்போம்.

படி 1: ஒரு நோட்டு, ஒரு தனி வங்கிக் கணக்கு

கலையில் வரும் பணம் எல்லாம் ஒரே வங்கிக் கணக்குக்கு வரட்டும். வீட்டுச் செலவுக்கு வேறு கணக்கு. கூகுள் பே, போன்பே எதுவானாலும் கியூஆர் அட்டையை இந்தத் தொழில் கணக்கோடு இணைத்துவிடுங்கள். ரொக்கமாக வாங்கியதையும் நோட்டில் எழுதிவிட்டு அப்புறம் செலவழியுங்கள்.

நோட்டில் தேதி, ஊர், பார்ட்டி பெயர், பேசிய தொகை, அச்சாரம், பாக்கி, அந்த வேலைக்கான செலவு ஆகியவற்றுக்குக் கட்டம் போட்டால் போதும். செல்போனில் செயலி வேண்டும் என்பவர்கள் வைத்துக்கொள்ளலாம். ஆனால் விடிய விடிய ஆடிவிட்டு வேனில் திரும்பும்போது எழுத எளிதானது எதுவோ அதுவே நல்லது. ஒரு சீசன் முழுக்க விடாமல் எழுதிவிட்டீர்கள் என்றால், அடுத்த படிக்குத் தேவையான எல்லா எண்களும் உங்கள் கையிலேயே இருக்கும்.

படி 2: உங்கள் ஒரு நாளின் விலையைக் கண்டுபிடியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தொகைகள் உதாரணத்துக்குத்தான்; உங்கள் எண்ணை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கோயில் திருவிழா. நையாண்டி மேளமும் கரகமும் சேர்ந்த 8 பேர் செட்டுக்கு ஒரு ராத்திரிக்கு 25,000 ரூபாய் பேசுகிறார்கள். வேனுக்கு 5,000. புரோக்கர் கமிஷன் 2,500. வழியில் சாப்பாடு, டீ 1,200. மிச்சம் 16,300. எட்டாகப் பிரித்தால் ஆளுக்கு 2,000 ரூபாயை ஒட்டி வரும். அதில் மேக்கப் சாமான், நாதஸ்வரச் சீவாளி, தவிலுக்குத் தோல் மாற்றுவது, ஜிகினா உடை தைப்பது, வேன் நிற்கும் இடம் வரை பஸ் என்று ஒரு நிகழ்ச்சியின் பங்காக 200 போகட்டும். கையில் நிற்பது 1,800.

ஒரு ராத்திரிக்கு 1,800 பரவாயில்லை என்றுதான் தோன்றும். ஆனால் அந்த ஒரு ராத்திரி இரண்டு நாளைத் தின்றுவிடுகிறது. மறுநாள் தூங்கி எழவே சாயங்காலம் ஆகிவிடும். சரி, வருஷத்துக்கு 80 தேதி கிடைக்கிறது என்று வைப்போம். 80 தடவை 1,800 என்றால் 1,44,000. பன்னிரண்டு மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 12,000. பங்குனியிலும் சித்திரையிலும் பை நிறையப் பணம் புரள்வதைப் பார்த்து நல்ல வருமானம் என்று நினைத்திருப்போம். வருஷத்துக்கு விரித்துப் பார்த்தால் இதுதான் நிலைமை.

இனி இதைத் தலைகீழாகப் போடுங்கள். வீட்டுக்கு மாதம் 18,000 வேண்டும் என்றால் வருஷத்துக்கு 2,16,000. கருவி, உடை, போன், பயணம் என்று தொழில் செலவு 34,000. வைத்தியத்துக்கும் சேமிப்புக்கும் 30,000. மொத்தம் 2,80,000. அதை 80 தேதியால் வகுத்தால் 3,500. இதுதான் உங்கள் அடிமட்ட விலை. இதற்குக் கீழே ஒப்புக்கொள்ளும் ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் வித்தியாசத் தொகையை உங்கள் வீடுதான் கட்டுகிறது. எல்லாத் தேதிக்கும் 3,500 கிடைத்துவிடாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் எந்தத் தேதியில் எவ்வளவு விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து விட்டுக்கொடுக்க வேண்டும்.

பொம்மை செய்பவர்களுக்குக் கணக்கு வேறு மாதிரி போகும். கொலு பொம்மை விற்பது புரட்டாசியை ஒட்டி. மண் பிசைந்து, அச்சில் வார்த்து, காயவைத்து, வர்ணம் தீட்டும் வேலையோ பல மாதம் முன்பே ஆரம்பித்துவிடுகிறது. அதுவரை முதல் முடங்கிக் கிடக்கிறது. சரக்கு வாங்க ஒரு லட்சத்தை மூணு வட்டிக்கு எடுத்தால் மாதம் 3,000. ஆறு மாதத்துக்கு 18,000. அந்த வருஷம் 2 லட்சத்துக்கு விற்றாலும் விற்ற பணத்தில் 9 சதவீதம் வட்டிக்கே போய்விடும். பல பேர் மண், காகிதக்கூழ், பெயிண்ட் வரை விலையில் சேர்க்கிறார்கள், வட்டியைச் சேர்ப்பதில்லை. உடைந்த பொம்மையையும் சேர்ப்பதில்லை. நூறு வார்த்தால் எத்தனை உடைகிறது, எத்தனையில் மூக்கு முழி சரியாக வரவில்லை என்று ஒரு பருவம் எண்ணிப் பாருங்கள். உடைந்தவற்றின் செலவை நல்ல பொம்மைகள்தான் சுமக்க வேண்டும். வீட்டுப் பெண்கள் உட்கார்ந்து கண் எழுதும் நேரத்துக்கும் கூலி போடுங்கள். வெளி ஆளைக் கூப்பிட்டால் கொடுப்பீர்கள் அல்லவா?

இதையும் யோசியுங்கள்: மொத்த வியாபாரி கோடையிலேயே முன்பணம் கொடுத்தால் விலையையும் அவரே முடிவு செய்துவிடுகிறார். மொத்தச் சரக்கையும் அவருக்கே கட்டாமல் ஒரு பகுதியையாவது நேரடி விற்பனைக்கு நிறுத்தி வையுங்கள். தசாவதாரம், கல்யாண செட் போன்றவற்றைத் தனித்தனியாக உதிர்க்காமல் செட்டாக விலை வைத்தால் பேரமும் குறையும், தேங்குவதும் குறையும்.

சுவர் ஓவியர்கள் சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசுகிறார்கள். வெறும் பூ வேலை, எல்லைக்கோடு என்றால் அது சரி. முகங்கள் நிறைந்த சுவருக்கு அந்தக் கணக்கு செல்லாது. ஒரு முகம் கேட்கும் நேரத்தில் இரண்டு கட்டம் பூ போட்டுவிடலாம். சாரம் கட்டும் செலவு, பிரைமர், உதவியாள் கூலி, மழையில் வீணாகும் நாள் ஆகியவற்றைத் தனியாக எழுதிக் காட்டிவிட்டு, வரையும் நாட்களுக்கு நாள் கூலியாகக் கேளுங்கள்.

படி 3: விலையை வாய்விட்டுச் சொல்லப் பழகுங்கள்

"நம்ம ஊர்க் கோயில் விசேஷம், பார்த்துப் பண்ணுங்கண்ணே" என்று வருவார்கள். மறுத்துப் பேசக் கூச்சமாக இருக்கும். ஒரு வழி சொல்கிறேன்: விலையைக் குறைக்காதீர்கள், வேலையைக் குறையுங்கள். "அந்தத் தொகைக்கு ஆறு பேர் வர்றோம், ராத்திரி ஒரு மணிவரைக்கும் ஆடுறோம்" என்று சொல்லுங்கள். பெரும்பாலும் அவர்களே முழு செட்டுக்குத் தொகையைக் கூட்டிவிடுவார்கள்.

மனசார சாமிக்குச் செய்ய வேண்டும் என்று தோன்றினால் தாராளமாகச் செய்யுங்கள், ஆனால் உபயமாகச் செய்யுங்கள். முழு விலையைச் சொல்லி, அதில் இவ்வளவு என் உபயம் என்று கமிட்டியிடம் சொல்லி, நோட்டீஸிலும் போடச் சொல்லுங்கள். சத்தமில்லாமல் பாதி விலைக்கு ஆடினால், அடுத்த வருஷமும் அதுவே உங்கள் விலையாகிவிடும். பக்கத்து ஊருக்கும் செய்தி போய்விடும்.

படி 4: அச்சாரமும் எழுத்தும்

தாம்பூலத்தோடு அச்சாரம் கொடுத்துத் தேதி பிடிப்பது நம் ஊர் வழக்கம்தான். அதை விடாதீர்கள், கூடவே எழுத்தையும் சேருங்கள். முத்திரைத்தாள் தேவையில்லை. ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பி, அவர்களிடமிருந்து "சரி" என்று பதில் வாங்குங்கள். இப்படி எழுதலாம்:

"வணக்கம் ஐயா. உங்கள் ஊர் அம்மன் கோயில் திருவிழாவுக்கு, பங்குனி மாதம் (தமிழ்த் தேதியும் ஆங்கிலத் தேதியும்) வெள்ளிக்கிழமை இரவு 9 முதல் 3 மணி வரை 8 பேர் வருகிறோம். பேசிய தொகை 30,000. இன்று அச்சாரம் 10,000 பெற்றுக்கொண்டேன். பாக்கி 20,000 மேடை ஏறும் முன் தர வேண்டும். மைக், விளக்கு, இரவுச் சாப்பாடு, பெண்கள் உடை மாற்ற கதவுள்ள அறை உங்கள் பொறுப்பு. ஊரில் துக்கம், மழை, போலீஸ் அனுமதி இல்லை என்று நிகழ்ச்சி தள்ளிப்போனால் அச்சாரம் மறு தேதிக்குச் செல்லும். எங்கள் வேன் கிளம்பிய பிறகு நின்றால் வேன் வாடகையும் பாதித் தொகையும் தர வேண்டும்."

இதில் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் யாரோ பட்ட அடி இருக்கிறது. பாக்கியை விடியற்காலையில் கேட்டுப் பாருங்கள்: கமிட்டித் தலைவர் தூங்கப் போயிருப்பார், பணம் வைத்திருப்பவர் முளைப்பாரியோடு போயிருப்பார், இருப்பவர் கையில் காசு இருக்காது. மேடை ஏறும் முன் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. ஊரில் ஒரு துக்கம் விழுந்தால் திருவிழாவே தள்ளிப்போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதை முன்கூட்டி எழுதிவிட்டால் அன்றைக்கு மனஸ்தாபம் வராது. ஆடல் பாடல் நிகழ்ச்சிக்குப் போலீஸ் அனுமதி கேட்டு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போகும் வழக்குகள் திருவிழாக் காலத்தில் வழக்கமாக நடப்பவை. எனவே அனுமதிக் கடிதத்தின் படம் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கதவுள்ள அறை என்பதை யாரும் கேட்காமலேயே எழுதுங்கள். வேனுக்குப் பின்னால் சேலையைப் பிடித்து மறைத்துக்கொண்டு உடை மாற்றும் நிலையில் இன்னும் நம் கரகக் கலைஞர்களை நிறுத்துகிறோம். பேசும்போதே கேட்டால் பெரும்பாலான ஊர்கள் பள்ளிக்கூடத்தையோ யாராவது வீட்டையோ திறந்துவிடுகின்றன.

மேடையில் குத்திவிடும் அன்பளிப்புப் பணத்தை எப்படிப் பிரிப்பது என்பதையும் செட்டுக்குள் முன்னதாகவே பேசி முடியுங்கள். செட் உடைவதற்குப் பாதிக் காரணம் இதுதான். புரோக்கர் வழியாக வரும் நிகழ்ச்சியில் பார்ட்டி கொடுத்த மொத்தத் தொகை என்ன என்று கேளுங்கள். கமிஷன் வாங்குவது தப்பில்லை, தேதி பிடிப்பதும் உழைப்புதான். தொகையை மறைப்பதுதான் தப்பு. உங்கள் செட்டுக்கு நீங்களே தலைமை என்றால், அதே திறந்த கணக்கை உங்கள் ஆட்களுக்கும் காட்டுங்கள்.

படி 5: செய்த பிறகும் அது யாருடையது?

1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தில் ஓவியர்களும் போட்டோகிராபர்களும் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு விதி உண்டு. ஒருவர் பணம் கொடுத்து வரையச் சொன்ன ஓவியம், எடுக்கச் சொன்ன போட்டோ ஆகியவற்றில், வேறு ஒப்பந்தம் இல்லை என்றால், பதிப்புரிமையின் முதல் உரிமையாளர் பணம் கொடுத்தவர்தான். வரைந்தவர் அல்ல. ஒரு கடைக்காரருக்கு நீங்கள் வரைந்து கொடுத்த மீனாட்சியை அவர் காலண்டரில் போட்டு விற்றால் கேட்க வழியில்லாமல் போகலாம். இதற்கு மருந்து ஒரே வரிதான்: "இந்த ஓவியத்தின் பதிப்புரிமை ஓவியருக்கே, கடைச் சுவரில் மட்டும் பயன்படுத்தலாம்." வேலை தொடங்கும் முன்பே அந்த வாட்ஸ்அப் செய்தியில் இதைச் சேருங்கள். தொகை பெரிது என்றால் தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.

பாட்டு எழுதுபவர், மெட்டுப் போடுபவர் நிலை வேறு. சம்பளத்துக்கு வேலை பார்க்காதவரை முதல் உரிமை பொதுவாக அவருடையது. அதைக் கைமாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை வருஷத்துக்கு என்று எழுதாவிட்டால் 5 வருஷம் என்றும், எந்த இடத்துக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். எழுதியவர் ஆயுள் முழுக்கவும் அதற்குப் பின் 60 வருஷமும் அந்த உரிமை நிற்கும். பக்திப் பாடல் ஆல்பத்துக்கு 5,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, "அனைத்து உரிமைகளும் நிரந்தரமாக" என்ற தாளில் கையெழுத்துப் போடும் முன், உங்கள் பேரப்பிள்ளைகள் காலம் வரை போகும் சொத்தைத்தான் கொடுக்கிறீர்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

இப்போது நாடகமும் கரகமும் விடிய விடிய யூடியூபில் வருகின்றன. மேடையில் நிகழ்த்துபவருக்கும் தன் நிகழ்ச்சியைப் பதிவு செய்வதில் உரிமை உண்டு. அது 50 வருஷம் இருக்கும். சேனல்காரர் கேமரா வைக்கும்போதே பேசுங்கள். தனித் தொகை தருவதா, இல்லை என்றால் வீடியோவில் உங்கள் பெயர், ஊர், போன் எண் மூன்றையும் போடுவதா? ஏதாவது ஒன்றைக் கண்டிப்பாக வாங்குங்கள். பார்த்துவிட்டுக் கூப்பிட நினைப்பவருக்கு எண் இல்லை என்றால் அந்த வீடியோவால் வருமானம் சேனலுக்கு மட்டும்தான்.

படி 6: தாள்கள்

பான் அட்டை எடுங்கள். கல்லூரியோ நிறுவனமோ பணம் தரும்போது, தொகை வரம்பைத் தாண்டினால், தொழில்முறைக் கட்டணமாகக் கணக்கிட்டு 10 சதவீதம் வரி பிடிப்பார்கள். பான் இல்லை என்றால் பொதுவாக 20. பிடித்த பணம் வருமான வரி இணையதளத்தில் உங்கள் பெயரில் நிற்கும். உங்கள் வருமானம் வரி கட்டும் அளவுக்கு இல்லை என்றால் கணக்குத் தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம். வருஷா வருஷம் இதைக் கேட்காமலேயே விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

உத்யம் என்பது சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு, ஆதாரை வைத்து இணையத்தில் செய்வது. அரசுக்குக் கட்டணம் எதுவும் கிடையாது. வங்கியில் தொழில் கடன் கேட்கும்போது இது உதவும். ஜிஎஸ்டி என்றாலே பயப்படுகிறார்கள். சேவைக்கு வருஷம் 20 லட்சம், தமிழ்நாட்டில் பொருள் விற்பனைக்கு 40 லட்சம் தாண்டும்வரை பொதுவாகப் பதிவு தேவையில்லை. நாட்டார் கலையோ செவ்வியல் கலையோ, இசை, நடனம், நாடகமாக நிகழ்த்தினால் ஒரு நிகழ்ச்சிக்கு 1.5 லட்சம் ரூபாய் வரையிலான ஊதியத்துக்கு விலக்கும் உண்டு.

நிகழ்த்துக் கலைஞர்கள் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் உறுப்பினர் ஆகுங்கள். கல்வி, திருமணம், விபத்து, இறப்பு ஆகியவற்றுக்கு உதவி கிடைக்கும். கலை பண்பாட்டுத் துறையின் மதுரை மண்டல மையத்தில் விசாரித்தால், இசைக்கருவி, உடை வாங்கத் தரும் நிதியுதவி பற்றியும் சொல்வார்கள். கைவினைஞர்கள் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போய்க் கலைஞர் கைவினைத் திட்டம் பற்றிக் கேளுங்கள். 2025இல் தொடங்கிய இந்தத் திட்டத்தில், 35 வயது நிறைந்தவர்களுக்கு, சுடுமண் வேலை உட்பட 25 தொழில்களுக்கு 3 லட்சம் வரை கடனும், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியமும், வட்டியில் 5 சதவீதச் சலுகையும் உண்டு. மூணு வட்டிக்கு வாங்கிப் பொம்மை செய்பவர் இந்தத் தொகையை முன்பு போட்ட 18,000 கணக்கோடு வைத்துப் பார்க்கட்டும்.

படி 7: கண்ணில் படுவது

இதில் நிறையச் சொல்ல இல்லை. ஒரு நிமிஷ வீடியோ ஒன்று, பகல் வெளிச்சத்தில் எடுத்த ஐந்தாறு நல்ல படம், பெயர், ஊர், எண். அதைக் கூகுள் மேப்பிலும் வாட்ஸ்அப் பிசினஸிலும் போட்டுவிடுங்கள். பொம்மை செய்பவர்கள் ஆவணி பிறக்கும் முன்பே விலைப்பட்டியலோடு படங்களைப் பழைய வாடிக்கையாளர்களுக்கு அனுப்பிவிட வேண்டும். மேல வெளி வீதியில் அரசின் கைவினைப் பொருள் கடையான பூம்புகார் இருக்கிறது. அங்கே என்ன அளவுப் பொம்மை என்ன விலைக்குப் போகிறது என்று ஒரு நடை போய்ப் பாருங்கள். உங்கள் விலை எங்கே நிற்கிறது என்று தெரியும்.

படி 8: வேலை இல்லாத மாதங்கள்

கல்யாண மேளக்காரருக்கு ஆடியும் மார்கழியும் காலி. கோயில் கலைஞருக்குச் சீசன் முடிந்தால் தேதி அபூர்வம். 2020, 2021 இரண்டு வருஷமும் கொரோனாவால் அழகர் வைகையில் இறங்கவில்லை. சுற்றுவட்டாரத் திருவிழாக்களும் நின்றன. அடுத்தடுத்து இரண்டு சீசன் போனதில் கருவியையே அடகு வைத்தவர்கள் உண்டு. அப்படி ஒரு காலம் திரும்ப வந்தால் தாங்க, சீசனில் வரும் ஒவ்வொரு தொகையிலும் ஐந்தில் ஒரு பங்கை எடுத்து, எளிதில் கை வைக்க முடியாத இடத்தில் போடுங்கள். தபால் நிலையத் தொடர் வைப்பு எனக்குப் பிடித்த வழி. சீட்டு என்றால் பதிவு பெற்ற சீட்டில் மட்டும் சேருங்கள்.

அந்தக் காலி மாதங்களில்தான் நோட்டைத் திறந்து உட்கார வேண்டும். எந்த ஊர் பாக்கி வைத்தது, எந்தப் பார்ட்டி சொன்னபடி கொடுத்தது, எந்த வேலையில் உண்மையிலேயே மிச்சம் நின்றது என்று பாருங்கள். டீசல், மேக்கப், பெயிண்ட் எல்லாம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கூட்டி, இரண்டாம் படியில் போட்ட வகுத்தலைப் புது எண்களோடு மறுபடி போடுங்கள். மார்கழி முடிவதற்குள் புது விலை கையில் இருக்க வேண்டும். தை பிறந்ததும் மாசி, பங்குனித் தேதி கேட்டு வருகிற முதல் ஆளிடமே அந்த விலையைச் சொல்லுங்கள். பழைய விலைக்கு ஒரு அச்சாரம் வாங்கிவிட்டால், அந்தச் சீசன் முழுக்க அதற்கு மேல் பேச முடியாது.